வாயில் வராத ‘போகிறேன்’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹைதராபாத்தில் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு நாடகம் போட்டோம். நூறு வருடங்களுக்கு முந்தைய குடும்ப நாடகம். கணவன் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கே முடிவு செய்வான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். கடைசிக் காட்சியில் அவள் வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டே போய்விடுவாள். திரை விழும். அந்த மனைவி நான்தான்.

நம் வீடுகளில் யாராவது "போகிறேன்" என்பார்களா? நாக்கு தானாக "போயிட்டு வரேன்" என்றுதானே புரளும்! நாடகத்தை இயக்கிய பக்கத்து பிளாக் மாமிக்கு அதே கவலை. "வரேன்னு மட்டும் சொல்லிடாதேடி, நாடகமே கந்தலாயிடும்" என்று தினமும் மிரட்டுவார். ஆனால் ஒத்திகையில் நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதற்கான காரணம் மாமிக்குத் தெரியாது.

அந்தச் சமயம் எனக்கும் என் கணவருக்கும் பேச்சே இல்லை. என் அம்மா இருக்கும் சென்னைக்கு அவருக்கு மாற்றல் வந்திருந்தது. என்னிடம் சொல்லாமலேயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஊரை விட மனமில்லை. சரி, அதை வாய் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? நாடகத்துக்கு மறுநாள் சென்னை போக டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை.

உம்மணாமூஞ்சி நாடகத்துக்கு வராது என்றுதான் நினைத்தேன். கடைசிக் காட்சியில் நிமிர்ந்தால், முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் என் ஸ்வெட்டர். அந்தக் குளிரில் நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது.

"போயிட்டு வரேன்" என்றேன்.

"ஹவ், பாத்துப் போயிட்டு வா!"

உரக்கச் சொன்னது என் கணவர்! ஹவ் என்றால் இந்த ஊர் ‘ஆமாம்’. தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொல்லும் பதில் அது. சண்டை வந்த பிறகு நான் சொல்வதும் நின்றிருந்தது, அவர் பதிலும் நின்றிருந்தது. அரங்கமே சிரித்தது. மாமி தலையில் அடித்துக்கொண்டார். நான் மேடையிலேயே சிரித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, "உன்ன கேக்காம எழுதிக் குடுத்தது தப்புதான். சொன்னா நீ மட்டும் கிளம்பிப் போயிடுவியோன்னு பயம்" என்றார்.

"சொல்லாததாலதான் கிளம்பினேன்" என்றேன்.

மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போகத்தான் செய்தேன். ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன். அதன் பிறகுதான் அவர் முகத்தில் உயிரே வந்தது.

இப்போதும் சண்டைக்கு ஒன்றும் குறைச்சலில்லை; ஆனால் எத்தனை கோபமானாலும் "போயிட்டு வரேன்" சொல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை, ஏனென்றால் அது வெறும் பழக்கமில்லை, உன்னிடம்தான் திரும்பி வருவேன் என்று தினமும் கொடுக்கிற வாக்கு என்று அந்தப் பாழாய்ப்போன நாடகம்தான் எனக்குப் புரியவைத்தது.