குதிரைக்குத் தண்ணி காட்டின சவரிநாதன்

என் தம்பி சவரிநாதனைப் பத்திக் கேட்டா பெங்களூர் நீலசந்திராவுல எல்லாரும் நல்ல மனுஷன்னுதான் சொல்லுவாங்க. குடிக்க மாட்டான், வம்பு தும்புக்குப் போக மாட்டான், ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தவற மாட்டான். எனக்கும் பாசம் இல்லாம இல்ல, கூடப் பொறந்தவனாச்சே. ஆனா அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க அப்பா காலத்துலேருந்து எங்களுக்குக் குதிரை லாயத்து வேலைதான். வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் பட்டாளத்துக் குதிரை. அவன் மூட்டை கட்டினதும் சவரி ரிச்மண்ட் டவுன் டெஸ்மண்ட் துரைகிட்டப் போய்ச் சேர்ந்தான். துரைன்னா சீமையிலேருந்து வந்தவர் இல்ல, இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர், நல்லாத் தமிழ் பேசுவாரு. அவர்கிட்ட குயினின்னு ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருந்துச்சு. வேலி தாண்டுற பந்தயத்துக்குன்னே பழக்கி வச்சிருந்தாரு. சவரி அதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவான். வீட்டுக்கு வந்தாலும் வாய்க்கு வாய் குயினிதான்.

அவனுக்கும் ஞானம்மாவுக்கும் ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல. போகாத கோயில் இல்ல, வேண்டாத அந்தோணியார் இல்ல. அப்புறம் பொறந்தவதான் பிலோமி. நான் சொல்ற சமயத்துல அவளுக்கு மூணு வயசு. வாய் ஓயாம பேசும், என்னைக் கண்டா "அத்தே, என்ன கொண்டாந்தே"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கும்.

ஐம்பத்தி நாலாம் வருஷம் கோடையில மதராஸ்ல குதிரைக் காட்சி வச்சாங்க. குயினி வாடாம வதங்காம அங்க போய் இறங்கணும், அதுதான் துரைக்கு வேணும். அப்படிக் கொண்டு சேர்த்தா லாயத்துல பெரிய ஆளாக்கி, தன் பங்களா வளவுக்குள்ளயே ஓட்டு வீடு தர்றேன்னாரு. வர முடியாதுன்னா வேற ஆளைக் கூட்டிக்கிறேன்னும் சொல்லிட்டாரு.

குதிரைக்கு ஒரு குணம் உண்டு. தண்ணி மாறினா மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும், எவ்வளவு தாகமா இருந்தாலும் தொடாது. ரயில் பெட்டிக்குள்ள வேர்த்து ஊத்துற நேரத்துல அப்படிக் குடிக்காம இருந்தா, வயித்துல சாணி இறுகிப் போய்ப் புரண்டு புரண்டு செத்துப் போகும். சவரி இதுக்கு ஒரு வழி வச்சிருந்தான். கிளம்பறதுக்கு முன்னாடியே லாயத்துத் தண்ணியில வெல்லம் கரைச்சுக் கொடுத்துப் பழக்கிடுவான். அப்புறம் எந்த ஊர்த் தண்ணியா இருந்தா என்ன, வெல்லத்தைப் போட்டுட்டா அதுக்கு அது வீட்டுத் தண்ணிதான்.

அந்த வெல்லத்தை எங்க உக்காந்து இடிச்சான்னு நினைக்கிறீங்க? வீட்டுல, பிலோமி படுத்திருந்த பாய்க்குப் பக்கத்துல. முந்தின நாள்லேருந்து பிள்ளைக்கு வயித்தால போய்க்கிட்டு இருந்துச்சு. வாந்தி வேற. வயித்தால போனா தண்ணி காட்டக் கூடாதுங்கிறது எங்க ஜனங்க வச்சிருந்த சட்டம். உள்ள போறதெல்லாம் வெளியதானே வருது, ஊத்தாம விட்டா தன்னால நின்னுடும்னு நினைப்பு. காஞ்ச ரொட்டித் துண்டு, ஒரு முழுங்கு கடுங்காப்பி, அதோட சரி. தெருவுல அத்தனை வீட்டுலயும் அப்படித்தான் பார்த்தாங்க, பாதிப் பிள்ளைங்க பிழைச்சும் இருந்துச்சுங்க.

அதனால சவரி சொன்னதை யாரும் தப்பா எடுத்துக்கல. வெல்லப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு ஞானம்மாகிட்ட சொன்னான்: "நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத. கெஞ்சுவா, அழுவா. மனசைக் கல்லாக்கிக்க." அவ புருஷன் கிழிச்ச கோட்டைத் தாண்டாதவ. நான் அப்ப ஊட்டியில. நான் சமையல் வேலை பார்த்த வீட்டுக்காரங்க கோடைக்கு அங்க போயிருந்தாங்க, கூட என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. இங்க நடந்ததெல்லாம் எனக்கு ஞானம்மா சொன்னது. ரயில் கதை அவனே சொன்னது.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல குதிரைப் பெட்டியை ரயிலோட மாட்டினாங்க. ஜோலார்பேட்டையில கழட்டி ஓரத்துல தள்ளி, வேற வண்டி வர்ற வரைக்கும் கெடன்னு விட்டுட்டாங்க. மேல தகரம், கீழ தண்டவாளம், நடுவுல குதிரை. அங்க கிடைச்சது இன்ஜினுக்கு ஊத்துற தண்ணி, கொதிக்கக் கொதிக்க, எண்ணெய் நாத்தத்தோட. வெல்லம் போட்டும் குயினி வாயை வைக்கல. இவன் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் யார் யார் கால்லயோ விழுந்து, கிணத்துத் தண்ணி சேந்திக்கிட்டு வந்தான். கோணிச் சாக்கை நனைச்சு அது முதுகுல போட்டான். நாக்குல உப்பைத் தடவினான். வெல்லத் தண்ணியில கையை முக்கி முக்கி நக்க வச்சான். பொழுது சாய்ற நேரத்துக்குத்தான் பக்கெட்டுல மூக்கை விட்டுச்சாம். இவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சாம். அதுக்கப்புறம் காட்பாடி, அரக்கோணம்னு வண்டி நின்ன இடத்துலயெல்லாம் இறங்கி ஓடினான்.

மதராஸ்ல மத்த லாயத்துக் குதிரைங்க சுருண்டு கெடந்துச்சுங்க. நம்ம குயினி தலையை நிமிர்த்திக்கிட்டு இறங்கி, மறுநாள் எல்லா வேலியையும் தாண்டி வெள்ளிக் கப்பை வாங்கிடுச்சு. மத்த ஆளுங்க இவனைச் சுத்திக்கிட்டு என்ன மந்திரம்னு கேட்டாங்களாம். மந்திரமும் இல்ல மாயமும் இல்ல, அது கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருங்கன்னு இவன் உபதேசம் பண்ணியிருக்கான். அட பாவி, அங்க நின்னு அதைச் சொன்னப்பகூட உனக்கு உறைக்கலையாடா?

திரும்பி வந்தும் நேரா வீட்டுக்கு வரல. லாயத்துக்குப் போய்க் குதிரையைத் தேய்ச்சு, தண்ணி காட்டி, புல்லைப் போட்டுட்டுத்தான் வந்தான். பிலோமி பாயில கெடந்தா. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருந்துச்சு, உதடு வெடிச்சிருந்துச்சு. அழுறதுக்கு வாயைத் திறந்தா சத்தமும் வரல, கண்ணீரும் வரல. ஒரு குதிரையை அந்தக் கோலத்துல பார்த்தா அடுத்த நிமிஷம் என்ன செய்யணும்னு தெரிஞ்சவன் அவன். அப்பத்தான் செம்பைத் தேடி ஓடினான். ஊத்தின தண்ணி கடைவாய் வழியா வழிஞ்சு பாயில இறங்கிடுச்சு.

தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு, உடம்புல தண்ணியே இல்லையே, குடிக்க ஒண்ணும் கொடுக்கலையான்னு கேட்டாரு. ஞானம்மா புருஷனைப் பார்த்தா.

"இவர் கூடாதுன்னாரு," அப்படின்னா.

பொழுது இருட்டுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் ஊட்டியிலேருந்து வர்றதுக்குள்ள மண்ணையும் போட்டு மூடிட்டாங்க.

டெஸ்மண்ட் துரை சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. சவரி பெரிய ஆளானான். வளவுக்குள்ள ஓட்டு வீடு, வாசல்லயே குழாய். ஞானம்மா ஒரு வார்த்தை சண்டை போடல. சோறு ஆக்கினா, துணி துவைச்சா, காய்ச்சல்னா பத்துப் போட்டா. ஆனா வெளிய போய்ட்டு வர்ற ஆம்பளைக்கு வீட்டுக்காரி ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து கொடுப்பா இல்ல, அதை மட்டும் பிள்ளை போன அன்னியோட நிறுத்திட்டா. சோத்துத் தட்டை வைப்பா, பக்கத்துல தண்ணி இருக்காது. அவனே எழுந்து போய்ப் பானையில மொண்டு குடிப்பான். ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்க அவனுக்கு வாய் ஏது?

அறுபத்தி ஆறுல நெஞ்சு நோய் வந்து படுத்தான். கடைசி நாள் நானும் ஞானம்மாவும்தான் பக்கத்துல இருந்தோம். கோயில்லேருந்து சாமியார் வந்து மந்திரிச்சுட்டுப் போனாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவளையே பார்த்துக்கிட்டு, "தண்ணி" அப்படின்னான். அத்தனை வருஷத்துல அவகிட்ட வாயைத் திறந்து கேட்டது அன்னிக்குத்தான். செம்பு அவ கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எடுத்தா. எடுத்துக் கொஞ்ச நேரம் கையில வச்சுக்கிட்டே நின்னா. நானும் கொடுத்துடுவான்னுதான் நினைச்சேன்.

"அண்ணி, நீங்க கொடுங்க," அப்படின்னு என் கையில திணிச்சுட்டு வெளிய போய்ட்டா.