ஒஸெல்லா அக்காவின் வெள்ளைக் கையுறை

எங்கள் சர்ச்சில் பரிசுத்த ஆவி இறங்கி யாராவது தரையில் விழுந்தால், ஒஸெல்லா அக்கா முதலில் விசிறியைத் தேட மாட்டாள். முழங்காலிட்டு, விழுந்தவரின் முதுகுக்கும் தரைக்கும் நடுவே வலது கையை நுழைப்பாள். வயிற்றை ஒரு தடவு தடவுவாள். கையை வெளியே எடுத்துக் கையுறையைப் பார்ப்பாள். அது வெள்ளையாக இருந்தால்தான் தலையசைப்பாள். அதன் பிறகே மற்ற ஊழியப் பெண்கள், விழுந்தவர் மேல் யாரும் மோதாதபடி சுற்றிக் கைகோத்து வளையம் கட்டுவார்கள்.

"பரிசுத்த ஆவி கத்தி வெச்சிருக்கான்னு சோதனை போடுறா பாரு" என்று பின்பெஞ்சில் ஆண்கள் சிரிப்பார்கள். அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கறுப்பர்கள் வாழும் எங்கள் மண்சாலையிலிருந்து கல்லூரிப் படி ஏறிப் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அங்கே ஒரு பேராசிரியர், கறுப்பர்களின் சோல் பாட்டு சர்ச்சிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லிக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டார். நான் கையைத் தூக்கி, "சார், எங்க ஊர்ல அந்த அம்பு ஒரு ஆளோட உசிரையே வாங்கியிருக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கிற விஷயமில்லை அது. இந்தக் கதையில் பெரும்பகுதி, உலர்த்துவதற்காகப் புகையிலை இலையைக் கம்பில் கட்டிக்கொண்டே ஒஸெல்லா அக்கா சொன்னது. அவள் தோழி எர்லீன் அக்கா சில இடங்களைத் திருத்தினாள். கடைசிப் பகுதி நானே கண்ணால் கண்டது.

அறுபத்து நாலு, ஜூன். ஏலம் தொடங்குமுன் புகையிலைக் கிடங்குகள் காலியாகக் கிடக்கும் மாதம். கச்சேரிகள் அங்கேதான் நடக்கும். லோனி கிரேடி சோல் பாட வருகிறான் என்று தந்திக் கம்பமெல்லாம் மஞ்சள் சுவரொட்டி. ஒஸெல்லாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்று வருஷமாக அவன் கச்சேரி ஒன்றைக்கூட விட்டதில்லை. ஒருமுறை அவன் வியர்வையைத் துடைத்து வீசிய துண்டு, துவைக்காமலே அவள் கட்டில் காலில் தொங்கியது.

இந்தமுறை போவதில் ஒரு சிக்கல். ஹோசியா ஸ்பைட் என்பவன் அவளோடு பழகிக்கொண்டிருந்தான். மே மாதம் ஒரு சனிக்கிழமை, நடுத்தெருவில் அவளைக் கன்னம் வீங்க அறைந்தான். அவள் அண்ணன் லென்வுட் மறுநாளே முடிவெட்டும் கடை வாசலில் வைத்து ஹோசியாவின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்துவிட்டான். பெயர்ந்த பற்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஹோசியா சொன்னான்: "இதுக்கு உன் குடல உருவாம விட மாட்டேன்டா."

"போக வேணாம்டி" என்றாள் அம்மா.

"லோனி கிரேடிம்மா! இனி எப்ப வருவானோ."

"நீ போனா காவலுக்கு உன் அண்ணனும் வருவான். இவன் வந்தா அந்த ஹோசியாவும் வருவான்."

லென்வுட் சிரித்தான். "விடும்மா. பல்லில்லாதவன் என்னத்தக் கடிச்சிருவான்?"

அம்மா சிரிக்கவில்லை. "ஒஸெல்லா, எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே முழுசாக் கொண்டாந்து விடணும். உன் பொறுப்பு."

"சரிம்மா."

அம்மாவுக்கு அவனைப் பற்றி இன்னொரு குறை உண்டு. இருபத்து நாலு வயதாகியும் லென்வுட் மீது ஒருநாளும் ஆவி இறங்கியதில்லை. ஞாயிறுதோறும் கல்லுப் பிள்ளையைப் பெற்றுவிட்டேன் என்று அழுவாள்.

அன்றும் ஞாயிறு. ஆராதனை முடிந்து நேராகக் கிடங்குக்குப் போனார்கள். ஒஸெல்லாவும் தோழி எர்லீனும் ஊழிய உடையைக் காரிலேயே மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக் கையுறை மடித்தபடி கைப்பையில் கிடந்தது. லென்வுட் கருஞ்சிவப்புக் கோட்டு போட்டிருந்தான்.

கிடங்கின் நடுவே ஒரு கயிறு. இந்தப் பக்கம் எங்கள் கறுப்பு ஜனம், அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கயிற்றோரம் ஷெரீஃபின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். தகரக் கூரைக்குக் கீழே வெயில் வெந்தது. ஜன்னல்களில் புகையிலைத் தூசி. உள்ளே பாதி இருட்டு. லோனி கிரேடி முழங்காலில் விழுந்து, "கேக்குதா?" என்று கதறினான். ஆயிரம் பேர் "கேக்குது!" என்றார்கள். டிரம் நெஞ்சுக்குள் இறங்கியது. பெண்கள் அலறினார்கள். சட்டைகள் கிழிந்தன.

அந்த அலறலுக்குள்தான் ஹோசியா லென்வுட்டின் பின்னால் வந்தான். மூட்டைச் சணல் அறுக்கும் வளைந்த கத்தி. விலாவுக்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று, திருகி எடுத்தான். யாரும் பார்க்கவில்லை.

லென்வுட்டின் கைகள் மேலே போயின. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு உதறி மல்லாக்க விழுந்தான். குதிகால்கள் பலகையில் தாளம் போட்டன. சர்ச்சில் எப்படி விழுவார்களோ, அச்சு அசல் அப்படியே.

"அடியே ஒஸெல்லா, உன் அண்ணனுக்கு ஆவி வந்திருச்சுடி!" என்றாள் எர்லீன்.

ஒஸெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவின் ஜெபம் பலித்துவிட்டது! டையைத் தளர்த்தினாள். கால் அடிபடாமல் ஷூவைக் கழற்றினாள். "காத்து விடுங்க, காத்து விடுங்க!" ஊழியத்தில் பழகிய பெண்கள் எட்டுப் பேர் கைகோத்தார்கள். வளையம் இறுகியது.

முடிவெட்டும் ஆர்ட்டிஸ் மாமா அதைப் பிளந்துகொண்டு வரப் பார்த்தார். "ஏம்மா, அவன் மொகமே சரியில்ல. என்ன உள்ள விடு."

"தள்ளிப் போங்க மாமா. ஆண்டவரு வேலை செய்றாரு." நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டாள் எர்லீன்.

லென்வுட் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் சதைக்குள் இறங்கியது. அவள் காதோரம் குனிந்து, "அடக்காதண்ணே, அழுதுரு. அம்மா கேட்டா கூத்தாடுவா" என்றாள். அவள் கை முழுக்க ஈரம். அங்கே எல்லோருக்கும் எல்லாமே ஈரம்தான். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடியும்போது பிடி தளர்ந்தது. நெற்றியைத் துடைத்துவிடலாம் என்று பையிலிருந்து கையுறையை எடுத்தாள். விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை சிவந்தது.

அவள் அலறினாள். அலறல் அங்கே புதிதில்லை. மேடையில் மூன்றாவது பாட்டு தொடங்கிவிட்டது.

நிமிர்ந்தாள். நான்கு ஆள் தள்ளி ஹோசியா தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தான். பல் போன இடம் கறுப்பாகத் தெரிய அவளைப் பார்த்துச் சிரித்தான்.

காலிலிருந்த குதியுயர்ந்த செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தாள். முதல் அடியிலேயே அவன் இடது கண் போயிற்று. பிறகுதான் கூட்டத்துக்குப் புரிந்தது. நாற்காலிகளாலும் புட்டிகளாலும் அவனை அடித்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் நடுக்கயிறு அறுந்தது. ஷெரீஃபின் ஆட்களுக்கு அதுதான் குற்றம். இந்தப் பக்கம் நின்ற எந்த மண்டையும் தப்பவில்லை. லென்வுட்டைத் தூக்கி வந்தவர்கள் மேலும் தடி விழுந்தது. செருப்பை ஓங்கிய ஒஸெல்லாவின் வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவை இன்றுவரை நிமிரவில்லை.

லென்வுட் புகையிலை லாரியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் செத்தான்.

அம்மா உடம்பைக் கழுவினாள். காயம் எத்தனை, குத்தியவன் எவன் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் வளையத்துல வெச்சிருந்த?"

"ரெண்டு பாட்டும்மா."

அதன் பிறகு சாகும்வரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லோனி கிரேடியின் துண்டை ஒஸெல்லா அடுப்பில் போட்டாள். கறுப்பன் கறுப்பனைக் கொன்ற வழக்கு என்பதால் அரைநாளில் தீர்ப்பு. ஹோசியாவுக்கு ஆறு வருஷம் சாலை போடும் தண்டனை. முடிந்ததும் பால்டிமோர் போய்விட்டான்.

எண்பத்திரண்டில், நான் பட்டத்தோடு ஊருக்கு வந்த வாரம், அவனும் வந்தான். ஒற்றைக்கண், நரைத்த தலை. ஞாயிறன்று சர்ச்சில், ஒஸெல்லா அக்கா நிற்கும் நடைவழியிலேயே உட்கார்ந்தான். மூன்றாவது பாட்டில் எழுந்தான், உதறினான், விழுந்தான். பாடியவர்கள் நிறுத்தினார்கள். பியானோ மட்டும் நிற்கவில்லை.

அக்கா முழங்காலிட்டாள். அவன் முதுகுக்கடியில் கையை நுழைத்தாள். வயிற்றைத் தடவினாள். கையுறையைப் பார்த்தாள். வெள்ளை. எர்லீன் அக்கா கைகோக்கக் கையை நீட்டிவிட்டாள்.

"கைய எடு எர்லீன். வளையம் வேணாம்."

ஹோசியா அழுதான். "ஒஸெல்லா, ஆண்டவரு என்னத் தொட்டுட்டாரு."

"அவரு தொட்டுட்டாருல்ல, இப்ப நான் தொடுறேன்."

நிமிராத விரல்களை மடக்கி அவன் வாயில் குத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. உதடு கிழிந்து பல் பலகையில் தெறித்தது. அவன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. பாஸ்டர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"சகோதரி ஒஸெல்லா!"

"ரெண்டு பாட்டு, பாஸ்டர். ரெண்டு பாட்டு முடியிற வரைக்கும் இவன யாரும் தூக்கக் கூடாது."

பாஸ்டர் அவள் கையுறையைப் பார்த்தார். பிறகு பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் பாடினோம். நானும் பாடினேன். தரையில் ரத்தம் பெஞ்சுக் கால்வரை ஓடியது. பின்பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவளே குனிந்து, அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கினாள். பெஞ்சில் உட்காரவைத்தாள். மடியில் ஒரு விசிறியை வைத்தாள். சிவந்த கையுறையைக் கழற்றிப் பையில் போட்டு, வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்டு, வாசலருகே தன் இடத்தில் போய் நின்றாள்.