உப்பில்லாத கஞ்சி

என் நாய்க்குச் சிறுநீரகம் பழுது என்றும் உப்பில்லாத குருணைக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்றும் தஞ்சாவூர் மருத்துவர் சொல்லியிருந்தார். கஞ்சி கொதித்து வாசனை எழுந்ததும் அம்மா நினைவுக்கு வந்தாள்.

கீழ்வேளூர்ப் பக்கம் கூலி உயர்வு கேட்டு எல்லோரும் அறுவடையை நிறுத்தியிருந்த வருடம். எனக்கு எட்டு வயது. வீட்டில் ஒரு குண்டுமணி அரிசிகூட இல்லை. வாய்க்கால் நண்டையும் கருவாட்டையும் தின்றோம். அந்தக் கருவாட்டையே தின்று எங்கள் நாய் கருப்பிக்கு வயிறு வீங்கிவிட்டது. மாட்டு வைத்தியர், "உப்பு ஆகாதும்மா. வெறுங்கஞ்சி குடுத்தா பொழைக்கும்" என்றார்.

அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனாள்.

"ஒரு படி குருணை குடுங்க அய்யா, நாய்க்குத்தான்."

"நாளைக்கு அறுப்புக்கு வர்றேன்னு சொல்லு, ஒரு மரக்காலே தர்றேன்" என்றார் அவர்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"ஒரு நாள் போனா என்னம்மா?" என்று அழுதேன்.

"ஊரே பட்டினி கெடக்குது. நான் மட்டும் எப்புடிடி போறது?"

மூன்றாம் நாள் கருப்பி செத்துப்போனாள். அடுத்த வாரம் கூலி உயர்ந்தது. முதல் கூலி நெல்லைக் குத்தி அம்மா சோறாக்கினாள். எங்களுக்குப் போட்டுவிட்டு, பசியில்லை என்று வெளியே போய், கருப்பி படுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாயைச் சாகவிட்டாளே என்ற கோபத்தில் நான் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டிருக்க வேண்டும் என்று, கஞ்சியை ஆற்றிக்கொண்டே நினைத்தேன்.