கடைசி லாரி வரை

செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, லாரிகளை நிறுக்கும் இரும்பு மேடையின் நட்டநடுவில் போய் நிற்கிறார் அக்கா. பழைய இரும்புக் கிடங்கின் வாசல் திறக்க இன்னும் கால்மணி இருக்கிறது. கண்ணாடி அறைக்கு மேலே சிவப்பு எண்கள் துடித்து அடங்குகின்றன. நிமிர்ந்து பார்த்து, "ம்" என்கிறார். குறைந்தாலும் கூடினாலும் அதே "ம்"தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி ஏழு இரும்புப் படி ஏறி, அந்த அறையில் எடைச்சீட்டு போடும் வேலைக்குப் போகிறார்.

அந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். முப்பது டன் இரும்பைத் தாங்குகிற எந்திரம், ஒரு மனுஷி மூன்று கிலோ இறங்கியதையெல்லாம் சட்டை செய்யாது. அக்காவுக்கு அதில் பிடித்ததே அதுதான். வீட்டிலிருந்த சின்ன எடை மெஷினை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். "அது மாமியார் மாதிரிங்க. நூறு கிராமுக்குச் சிரிக்க வைக்கும், நூறு கிராமுக்கு அழ வைக்கும். இது பாருங்க, மாசக்கணக்கா வாயே தெறக்காது. தெறந்தா பத்து கிலோ!"

பட்டினி கிடந்தது, பொடி கரைத்துக் குடித்தது, இடுப்பில் பெல்ட் கட்டியது எல்லாம் உண்டு. "மூணு தடவை இறக்கி நாலு தடவை ஏத்தினவ நான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் ஆரம்பித்து, தெரியாமலே கைவிட்டதுதான் வழக்கம்.

ரகசியம் உடைந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். சரக்கோடு ஒரு லாரி மேடையில் நின்றது. நம்பர் பலகையில் சேறு. பொத்தானை அழுத்திவிட்டு, துணியோடு இறங்கிப்போய்த் துடைத்தார் அக்கா. எண் அசையாமல் நின்றதும் சீட்டு தானாக அச்சாகும் ஏற்பாடு அது. தானும் மேடைமேல்தான் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் நூற்று இருபது கிலோ குறைந்தது. வழியில் திருடி விற்றதாக டிரைவர்மேல் பழி வந்தது. கொடிபோல் ஒல்லியான ஆள். எல்லோருக்கும் அவர் ஒட்டடைக்குச்சி. விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அவர் வெளிறி நின்றபோதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. படியிறங்கி, இருபது பேர் பார்க்க, மேடையில் ஏறி நின்றார். சிவப்பில் 120.

"சரக்கு குறையலீங்க. நான்தான் கூட நின்னுட்டேன்."

முதலில் சிரித்தது அக்காதான். "நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு?" மறுநாள் காலையிலிருந்து எல்லோர் கண்ணெதிரிலும் மேடையேற ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கு முட்டி தேய்ந்திருந்தது. "தொண்ணூறு கிலோவுக்கு வாங்க. வந்து ஆறு மாசம் அங்கயே நில்லுங்க. அப்புறம்தான் ஆபரேஷன். அதுவரைக்கும் சமதரையில மெதுவா நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி சரியாகாவிட்டால் அந்த ஏழு படியும் ஏற முடியாது. படி ஏறாவிட்டால் வேலை இல்லை.

முன்பெல்லாம் டிரைவர்கள் படியேறி வந்து காகிதம் நீட்டுவார்கள். அதை அக்கா மாற்றினார். அவரே இறங்கி, கடைசி லாரிவரை நடந்து, காகிதம் வாங்கித் திரும்புவார். வரிசை நீண்டால் டிரைவர்களுக்கு எரிச்சல், அக்காவுக்குக் கொண்டாட்டம். "இன்னிக்குப் பதினாலு வண்டி. நல்ல நடை!" யாராவது இனிப்புப் பொட்டலம் நீட்டினால், "தின்ன வச்சா வரிசையில கடைசிதான் நீ" என்று ஒலிபெருக்கியில் மிரட்டுவார். பிறகு ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இன்னொரு வண்டி நிற்கும் அளவுக்கு இடைவெளி. "பிரேக் சரியில்லக்கா" என்று சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் சாதித்தார்கள்.

நூற்றுப்பத்து, நூறு, தொண்ணூறு. தொண்ணூறில் நாலு மாதம் நின்றார். அப்புறம் இரும்பு விலை விழுந்தது. நாளுக்கு இரண்டு வண்டி வந்தாலே பெரிது. நடையும் போயிற்று. மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் குடியேறியது. பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. போன திங்கட்கிழமை காலை சிவப்பு எண்கள் அடங்கியபோது 100. அன்று "ம்" வரவில்லை. "ஆறு மாசத்த மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்" என்று மட்டும் முணுமுணுத்தார். மேலே போய் உட்கார்ந்தவர் இழுப்பறையைத் திறந்தார்.

பத்து மணிக்கு ஒரே ஒரு லாரி உள்ளே நுழைந்தது. நுழைந்த வேகத்தில் வாசலோரமே நின்றுவிட்டது. மேடைக்கு இருநூறு அடியாவது இருக்கும்.

"யோவ் ஒட்டடைக்குச்சி! மேடை இங்க இருக்கு" என்றது ஒலிபெருக்கி.

ஜன்னல் வழியே ஒரு நீளக் கை வெளியே வந்து காகிதத்தை ஆட்டியது. "காகிதம் இங்க இருக்குக்கா!"

"வண்டியே இல்லாத நாள்ல என்னய்யா வரிசை? முன்னால வா."

"பிரேக் புடிச்சுக்கிச்சு. நகர மாட்டேங்குது."

"உனக்கு வாய்க்குத்தான் பிரேக் இல்ல."

"சாயங்காலம் ஆனாலும் இருப்பேன். பின்னால யாரும் ஹாரன் அடிக்கப் போறதில்ல."

அக்கா கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். உள்ளே போட்டு இழுப்பறையை முழங்கையால் தள்ளி மூடினார். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். வெயில் ஏறியிருந்தது. பாதி தூரத்தில் முட்டி சண்டித்தனம் செய்ய, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

ஒட்டடைக்குச்சிக்கு மனசு கேட்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி, வண்டியை அவரை நோக்கி மெல்ல உருட்டினார்.

அக்கா நின்ற இடத்திலேயே வலது கையை உயர்த்தினார். லாரிகளைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லும் அதே பழக்கத்தில், உள்ளங்கையை விரித்து அசைத்தார்: பின்னால, பின்னால, இன்னும் கொஞ்சம் பின்னால.