கறுப்புக் கோதுமை ஊர்

மச்சாளின் அழைப்பு வந்தபோது நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து கார் பார்க்கில் நின்றேன். தம்பிக்கு ஸ்ட்ரோக் என்றாள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அரைகுறை ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொன்னவள், கடைசியில் "வாங்கோ அக்கா" என்று தமிழில் அழுதாள்.

சண்டைக் காலத்தில் ஊரை விட்டு நான் சிட்னிக்கு வந்தேன், தம்பி பாரிஸுக்குப் போனான். ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவியவன், கூட வேலை செய்தவளையே கட்டிக்கொண்டு, பிரான்ஸின் மேற்குக் கோடியில் பிரெத்தாஞ் நாட்டுப்புறத்திலுள்ள அவளுடைய ஊருக்குப் போய்விட்டான். சந்தை நாட்களில் இருவரும் வான் வண்டியில் கலெத் சுட்டு விற்றார்கள். "தோசை மாதிரித்தான் அக்கா, வந்து சாப்பிட்டுப் பாருங்கோ" என்று போனில் சொல்லுவான்.

நான் போனது மாசி மாதம். மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை. குடை பிடித்தாலும் முகம் நனைந்தது. கருங்கல் வீடுகள், சந்திக்குச் சந்தி கல்லுச் சிலுவை, கண்ணுக்கெட்டிய தூரம் கோலிபிளவர்த் தோட்டம். தெருவில் ஒரு சனமில்லை.

தம்பி அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தான். அவன் முன்னால் குந்தி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"வீ," என்றான், பிரெஞ்சில் ஓம். கண் கலங்கியிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். வந்த ஒன்றிரண்டு சொல்லும் பிரெஞ்சுதான். எங்கள் வார்டில் வயதான இத்தாலியர்கள் ஆங்கிலத்தை இழந்து தாய்மொழியில் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு மறுபக்கமாகவும் நடக்கும் என்று படித்துமிருக்கிறேன். படித்தது உதவவில்லை. நான் பேசும்போது, பக்கத்து வீட்டில் யாரோ கதைப்பதைக் கேட்பவன்போல முகத்தைச் சாய்த்துக்கொண்டு இருந்தான்.

மச்சாள் அவனோடு தமிழில் பேசினாள். "பசிக்குதா? பொறு. எழும்பு." அவனிடம் கற்ற சொற்கள். அவன் பிரெஞ்சில் பதில் சொன்னான்.

"முந்தி அவர் தமிழ், நான் பிரெஞ்சு," என்றாள் என்னிடம். "இப்ப மாறிப்போச்சு."

அன்று மத்தியானம் அவள் வட்ட இரும்புக் கல்லில் கலெத் வார்த்தாள். கறுப்புக் கோதுமை என்று பெயர், ஆனால் கோதுமை இல்லை. மாவு சாம்பல் நிறம். தோசையின் புளிப்பு அதில் இல்லை. மழையில் நனைந்த மண்ணின் வாசமும் ஓரத்தில் கருகலும் உப்பு வெண்ணெயும்தான். குடிக்க மோர் வைத்தாள். இன்னொரு நாள் அதே மாவைத் துணிப்பையில் கட்டி, இறைச்சியோடு அவித்து, உதிர்த்துப் போட்டாள். குரக்கன் பிட்டைப் போலவே இருந்தது. தம்பி இடக்கையால் கரண்டியைப் பிடித்து மெதுவாகச் சாப்பிட்டான். இதைப்பற்றி அவன் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

அவன் தூங்கும் நேரங்களில் மச்சாள் என்னைக் காரில் கூட்டிப்போனாள். கடல் வற்றி, சேறும் பாசியுமாய்க் கிடந்த கரை. ஒரு பழைய சிற்றாலயத்தின் சுவரில் ஈட்டி பிடித்த எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. சாவு அனுப்பும் ஆள் அவன் என்றாள். அவனுடைய வண்டிச் சத்தம் கேட்ட வீட்டில் யாரோ போவார்களாம். சிறு வயதில் ட்ராக்டர் சத்தத்துக்கும் பயந்தாளாம். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்தப் பகுதியின் பழைய மொழியான பிரெத்தோன் பேசியதற்காக அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர். பிள்ளைகளோடு அவர் அதைப் பேசவேயில்லை. "எனக்கு விளங்கும், கதைக்க வராது," என்றாள். சிட்னியில் என் மகளும் இதையேதான் சொல்லுவாள் என்றேன், அவள் இங்கிலீஷில் சொல்லுவாள் என்றேன்.

புறப்படும் நாளில் தம்பி என் கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. மச்சாள்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்தபின், பிளாக்டவுனில் ஒரு இந்தியக் கடையில் அந்த மாவைக் கண்டேன். வட இந்தியர்கள் விரதத்துக்கு வாங்குவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்த்துப் பார்த்தேன்; எல்லாம் கிழிந்தது. மகள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டு, "இட்ஸ் ஓகே, அம்மா" என்று வைத்துவிட்டாள். மிச்சத்தை நான் குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.

ஆடியில், சிட்னியின் குளிரில், மச்சாள் மறுபடி போன் எடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா," என்றாள், "தமிழில எப்படிச் சொல்லுறது? அந்தச் சொல்லை அவர் எனக்குச் சொல்லித் தரேல்லை."

"மோசம் போயிட்டார்," என்றேன். எங்கள் ஊரில் சாவை அப்படித்தான் சொல்லுவோம்.

அவள் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.