கொரியாப் பெண்ணின் நெற்றிப் பொட்டு

சித்தப்பா கொரியாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். லீவு நாட்களில் பஸ் ஏறி, கியோங்ஜு என்ற பழைய ராஜாக்கள் ஊருக்குப் போய் மியூசியம் மியூசியமாகச் சுற்றுகிறார் என்பது போட்டோக்கள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அரியலூரில் இருந்தவரை, பக்கத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத மனிதர் அவர்.

போட்டோக்களைக் கொண்டுவந்தவர் அதே கம்பெனியில் இருந்த லப்பைக்குடிக்காட்டு பாய். ஊருக்கு வந்தவர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம் கவரைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தோம். ராஜாக்களைப் புதைத்த புல்மேடுகளுக்கு முன்னால் சித்தப்பா. ஆளைவிடப் பெரிய மணிக்குப் பக்கத்தில் சித்தப்பா. கண்ணாடிப் பெட்டியிலிருந்த தங்கக் கிரீடத்தைப் பாதி மறைத்துக்கொண்டு சித்தப்பா. கடைசிப் போட்டோவில் அவர் நீலப் பட்டு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக நிற்க, பக்கத்தில் சிவப்புப் பட்டுடுத்திய ஒரு கொரியாப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அம்மாவின் தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் பரிசம் போட்டு, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்தச் சித்தி ஆண்டிமடத்திலிருந்து வந்து, எங்கள் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நாட்டுக்காரிக்குப் பொட்டு ஏதுங்க? உங்க தம்பி வெச்சுவுட்டதுதான்,” என்றாள் அம்மா.

“கன்னத்துலயும் ரெண்டு இருக்கே,” என்றார் அப்பா.

“ஆசை கூடிப்போயி அங்கயும் வெச்சிருப்பாரு.”

சித்தப்பாவாக எதிர்வீட்டுக்குப் போன் செய்தால்தான் அவரிடம் பேச முடியும். பாயைக் கேட்கலாம் என்றால், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று அம்மா தடுத்தாள். வீடு இழவு வீடாகிவிட்டது. அம்மா தட்டை வைக்கிற சத்தத்திலேயே அப்பாவுக்குப் பசி அடங்கிவிடும். சித்தி டைப் கிளாஸுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் நின்றால் அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, பயந்துகொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் அப்பா ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் என்னையும் அழைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குக் கிளம்பினார். பாய் வீட்டில் டீ வந்தது. அப்பா மென்று முழுங்கி, போட்டோவை நீட்டினார். பாய் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஓர் ஆல்பத்தோடு வந்தார். அதில் அதே நீல அங்கியில் பாய். பக்கத்தில் அதே பெண், அதே குனிந்த தலை, அதே பொட்டு.

“நானும் இவளத்தான் கட்டியிருக்கேண்ணே,” என்றார். கதவுக்குப் பின்னால் அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

“பொம்மைண்ணே. அந்த ஊரு வழக்கப்படி கல்யாணப் பொண்ணு மாதிரி மியூசியத்துல செஞ்சு வெச்சிருக்கான். அவங்களுக்கு நெத்தியிலயும் கன்னத்துலயும் செவப்பு வெக்கிற பழக்கம். மாப்பிள்ள துணிய அவனே குடுப்பான். போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்க வேண்டியதுதான்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார்.

விஷயத்தைக் கேட்டு அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “எனக்கு அப்பவே தெரியும், உங்க தம்பி தங்கமான ஆளு,” என்று கூசாமல் சொல்லிவிட்டு உளுந்து ஊறப் போட்டாள். அன்று சாயங்காலம் வடைக்காக எல்லோரும் அடுப்படியில் கூடியிருக்க, சித்தி மட்டும் ஜன்னலோரம் அந்தப் போட்டோவோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் பொம்மையின் மேல் இருந்தது.

“வெரல எடு சித்தி, பொம்மை தெரியல,” என்றேன்.

எடுத்தாள். நான் பார்த்து முடித்ததும் மறுபடியும் அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். அவ்வளவு அழகான பொம்மையை எதற்கு இவள் மறைக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.