சவரிராயன் இப்போது எந்த ஓட்டலில்?

உப்பிலியபுரத்திலிருந்து திருச்சிக்குப் படிக்க வந்த முதல் வாரமே எனக்கும் என் அறைத்தோழன் அருள்நாதனுக்கும் சவரிராயன் அண்ணனைத் தெரிந்துவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஐந்து மேசை போட்ட ஓர் ஓட்டலில் அவர் சப்ளையர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்ற உயரம். இடது கை விரல்களுக்குள் ஐந்து தம்ளர் தண்ணீர், வலது கையில் சாம்பார் வாளி. மேசைகளுக்கு நடுவே அவர் நடப்பதைப் பார்த்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போல இருக்கும்.

தோசை கேட்டால் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

"தோசை வேணாம் தம்பி, பொங்கல் வாங்கிக்க. மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

கேட்காமலே மூன்று தடவை சாம்பார் வரும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வடை சொன்னால், அதைக் கிண்ணத்தில் போட்டு, மூழ்குகிற அளவு சாம்பார் ஊற்றி, இரண்டு ஸ்பூனோடு கொண்டுவந்து வைப்பார். அந்த வயதில் எங்களுக்கு எந்நேரமும் பசி.

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் அங்கே இல்லை. புதிதாக வந்தவர் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கல்லாவில் கேட்டால், "அவனா? அவன் எங்கயும் நிக்கமாட்டான்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் வந்தால் எங்களுக்கு ஒரே தேடல்தான். தெப்பக்குளத்துப் பக்கம் பார்த்தோம். பெரிய கடைவீதிச் சந்துகளில் எட்டிப் பார்த்தோம். கடைசியில் அருள்நாதனின் வகுப்பில் ஒருத்தன் சொன்னான், அவர் ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசல் பக்கம் ஓர் ஓட்டலில் இருக்கிறார் என்று. ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டிப் போய் டிபன் சாப்பிட ஆரம்பித்தோம். பாதி நாள் முதல் பீரியட் போய்விடும்.

அங்கே சாம்பார் இரண்டு தடவைக்கு மேல் ஊற்றக் கூடாது என்று முதலாளி ஒரு நாள் சத்தம் போட்டார். நாங்கள் அப்போதுதான் இட்லியைப் பிட்டிருந்தோம். அண்ணன் வாளியைக் கொண்டுபோய்க் கல்லா மேலேயே வைத்தார்.

"நீங்களே அளந்து ஊத்துங்க" என்றார். தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அள்ளி விழுங்கிவிட்டு, ஈரக் கையோடு பின்னால் ஓடினோம். அவர் பஸ் ஏறவில்லை. காவிரிப் பாலம் வரை நடந்தார், பாலத்தின் மேலும் நடந்தார். நாங்கள் கூடவே ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

"எங்களாலதானேண்ணே வேலை போச்சு?" என்றான் அருள்நாதன்.

"உங்களால இல்லப்பா. அவரு இன்னைக்குச் சொல்லலேன்னா நானே நாளைக்கு ஏதாச்சும் பேசியிருப்பேன். நாலு மாசமாச்சுன்னா அந்தச் சுவரு, அந்தக் கேலண்டர், எல்லாம் நெஞ்சுல ஏறி உக்காந்துக்குது. என்ன செய்யச் சொல்ற?"

அவர் வீடு எடமலைப்பட்டி புதூரில். மனைவி ரோசரி அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. ஒரு கிறிஸ்துமஸ் அன்று எங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். அக்கா குழம்பு ஊற்றியபடியே சொன்னார், "வேலைய விட்டுட்டு வர்ற அன்னைக்கு இவரு செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே தெரிஞ்சிடும்." அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சொந்தக் கடை வைத்துக் கொடுத்தால் நிற்பார் என்று அக்காதான் முடிவு செய்தார். நாங்கள் மூன்றாம் வருடம் படிக்கும்போது அவர்கள் தெருமுனையிலேயே ஒரு டிபன் கடை திறந்தார்கள். இரண்டு பஸ் மாறி நாங்களும் நண்பர்களும் போனோம். நல்ல கூட்டம். ஆனால் அண்ணனுக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கல்லாவுக்கும் வாசலுக்கும் நூறு தடவை நடப்பார். தெருவில் யார் போனாலும், "எங்க, டவுனுக்கா?" என்று ஏக்கமாகக் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாழையிலை வாங்கக் கிளம்பியவர் திரும்பி வரவில்லை. கடையில் எங்களையும் சேர்த்து எட்டுப் பேர் காத்திருந்தோம். ஒருவர் எழுந்து தானே சட்னி எடுத்துப் போட்டுக்கொண்டார். நைட் டூட்டி முடித்து வந்த ரோசரி அக்கா பதறிப்போய் எங்களிடம், "போய்ப் பாருங்கப்பா, பஸ்ஸுல கிஸ்ஸுல அடிபட்டுட்டாரா" என்றார். அவர் கால் ஓடும் இடமெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். ஜங்ஷன் பக்கம் மூன்றாவது ஓட்டலில் அகப்பட்டார். அங்கே கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. சைக்கிள் கேரியரில் இலைக்கட்டு அப்படியே இருக்க, அண்ணன் உள்ளே வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"ஆளு பத்தல தம்பி, தவிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பந்தி பாத்துட்டு வந்துரலாம்னு..." என்றவருக்கு அப்போதுதான் தன் கடை ஞாபகம் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மாதக் கடைசியில் கடையை மூடினார். அதற்கடுத்த மாதம் எங்கள் பரீட்சையும் முடிந்தது.

அருள்நாதன் இப்போது மஸ்கட்டில். நான் சென்னையில் ஐந்தாவது கம்பெனி. போன கார்த்திகையில் ஒரு வேலையாகத் திருச்சி வந்தேன். சாயங்கால ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. சத்திரத்தில் அந்த ஓட்டல் செல்போன் கடையாகியிருந்தது. தெப்பக்குளத்தில் நாங்கள் அவரைத் தேடிப் போன ஓட்டல் ஒன்று இருந்தது, பெயர் மாறி, ஏசி போட்டு. உள்ளே போய் மெனு கார்டைப் புரட்டினேன். எதையும் சொல்ல மனமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கால் சும்மா இருக்கவில்லை. ஆட்டோ பிடித்து எடமலைப்பட்டி புதூர் போனேன்.

ரோசரி அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "பூவரசனா? வா வா. அவரா? சமையல் காண்ட்ராக்ட்காரங்களோட போறாரு. தெனம் ஒரு மண்டபம். பதினோரு வருசமா அதே வேலைதான்யா, விடவே இல்ல!" என்றார். சொல்லும்போது அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம்.

நான் மண்டபத்துக்குப் போனபோது மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வலது முழங்காலில் பட்டைத் துணி கட்டியிருந்தார். வேகம் மட்டும் குறையவில்லை. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைக்காமலே, "எப்ப வந்த? கை கழுவிட்டு உக்காரு" என்றார்.

பந்தி முடிந்து அவர் ஓரமாக வந்தபோது அந்தக் காலைக் காட்டிச் சொன்னேன். "கேண்டீன் சூப்பர்வைசர் வேலை ஒண்ணு இருக்குண்ணே. எங்க கம்பெனியோட திருச்சி ஆபீஸ்ல. உக்காந்து பாத்துக்கிட்டா போதுங்க."

"சேர் போட்டு உக்கார வெக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தியா?" என்றார். குரலில் கோபமில்லை. "வலி இருக்குதான். உக்காந்தா இன்னும் ஜாஸ்தி வலிக்குது, அதையும் கேட்டுக்க."

கடைசிப் பந்தி வேலைக்காரர்களுக்கு. என் பக்கத்து இலையில் அவர் உட்கார்ந்தார். மூன்று வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவர் சாப்பிட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சாம்பாரே வேண்டாம் என்று கையால் மறித்தார். மோர்ச் சோறும் ஊறுகாயும் மட்டும். நாலே வாயில் தீர்ந்தது. என் இலையில் பாதி இருக்கும்போதே வெளியே வேன் ஹாரன் அடித்தது. லால்குடியில் சாயங்கால ரிசப்ஷன்.

"நீ மெதுவா சாப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.